சுவரில் தெரிந்த உன் வீடு

நவுசோரி,
ஞாயிறு, வழிபாடு முடிந்த பின்.

அன்பு மகள் உனைசிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலமே. அங்கே நீயும் குழந்தை மகெரேதாவும் நலமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் வழக்கத்துக்காகக் கேட்டு வந்தேன்; இம்முறை உண்மையாகவே கேட்கிறேன். சென்ற வாரம் முனேஷ்வரின் கடைத் தொலைபேசியிலிருந்து உன்னை அழைத்து, இங்குள்ள நம் வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து உன் கணக்கை உடனே விலக்கிவிடு, குழந்தையைப் பள்ளியிலிருந்து நீயே போய் அழைத்து வா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். என்னப்பா ஆச்சு, என்னப்பா ஆச்சு என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். கடையில் ரொட்டி வாங்க ஆட்கள் நின்றிருந்தார்கள், அவர்களில் யார் யாருக்கு உறவு என்று உனக்கே தெரியும். மிச்சத்தை எங்கள் கைப்பேசியில் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆகவே தாளில் எழுதி, உறவினர் சாவுக்கு ஊர் வந்து, மறுபடி உன் பக்கம் திரும்பும் தாதி லோசலினி கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ இருக்கும் ஊரின் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை, கவனித்திருப்பாய்.

ஆறு இவ்வருஷம் கரை மீறவில்லை, மரவள்ளி நன்றாக விளைந்திருக்கிறது, பள்ளியில் அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் திருத்தி முடித்தேன், அம்மாவின் முழங்கால் வலி முன்போலவே. நல்ல செய்தி அவ்வளவுதான். நீ கப்பலில் அனுப்பிய தொலைக்காட்சியை நான் இணைத்த நாள் உனக்கு நினைவிருக்கும். ரவுட்டர் படுக்கையறைச் சன்னலில், தொலைக்காட்சி முன்னறை மூலையில், நடுவே இரும்புத் தகரச் சுவர். அலைகள் எதை ஊடுருவும் எதை ஊடுருவா என்று இருபது வருஷங்களாக வகுப்பில் போதிப்பவன், பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தேன். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லை அம்மா ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், நான் ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினேன், பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று எங்களுக்குள் சண்டை வந்தது. கடைசியில் திரை ஓர் எண்ணைக் காட்ட, நீ அங்கிருந்து உன் கைப்பேசியில் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டாய். அதன் பிறகு தொலைக்காட்சி சும்மா இருக்கும்போதெல்லாம் நீ எடுக்கும் படங்கள் தாமாக வந்து போயின. அம்மா திரையில் மகெரேதாவின் கன்னத்தைத் தொட்டு, கைரேகை படுகிறதென்று உடை நுனியால் துடைத்து, மறுபடி தொட்டாள். தினமும் சாயங்காலம் அதன் முன் உட்கார்ந்திருப்பதே அவளுக்கு வேலை. அந்த மகிழ்ச்சியை நாம் மூவரும் சேர்ந்தே உண்டாக்கினோம். அது யார் கண்ணுக்கெல்லாம் எட்டும் என்று நாம் மூவருமே யோசிக்கவில்லை.

நேற்றல்ல, அதற்கு முந்தைய சனிக்கிழமை மதியத்துக்கு மேல், இலைதியா பெரியப்பா ஆற்றின் மேற்புறத்து ஊரிலிருந்து முன்னறிவிப்பின்றி வந்தார். அவர் பின்னாலேயே ஒரு வண்டி நின்றது. அதிலிருந்து சகேயாசியும், அவன் தாய்மாமன் ரோபதேயும், அக்கரையிலுள்ள அவர்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் இறங்கினார்கள். ரோபதேயின் கையில், மன்னிப்புக் கேட்க வைக்கும் திமிங்கலப் பல், தம்புவா இருந்தது. உன்னைக் கட்டி, உன் கையை முறித்தவன், அந்தப் பல்லை முன்னால் ஏந்திவரச் செய்து, தலை குனிந்து என் வீட்டுப் பாயில் உட்கார்ந்தான். பெரியப்பாவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. குடும்பத்துக்கு மூத்தவர் அவர். அவர் உட்கார்ந்திருக்கும்போது நான் வாய் திறக்கலாகாது என்பதை நன்கு அறிந்தே என் வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ரோபதே மன்னிப்பு மொழிகளை அழகாகச் சொன்னார். இவன் திருந்தி விட்டான், அடுத்த மாதம் பழம் பறிக்கும் ஒப்பந்தத்தில் நீ இருக்கும் அந்தத் தேசத்துக்கே போகிறான், போகுமுன் நெஞ்சைச் சுத்தமாக்கிக்கொள்ள விரும்புகிறான் என்றார். பெரியப்பா இரு கைகளாலும் தம்புவாவை வாங்கிக்கொண்டார்; வாங்கினால் மன்னித்தாயிற்று. எல்லோரும் கைகுவித்துத் தட்டினார்கள். நானும் தட்டினேனா என்று அம்மாவிடம் கேட்டேன். தட்டவில்லை என்கிறாள். நம்புகிறேன்.

அதற்குப் பிறகு குடிக்க யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கினார்கள், மச்சான் முறைக் கேலி தொடங்கியது. "மச்சான், உங்க ஆத்தங்கரை ஆளுங்க கலக்கினா மழைத்தண்ணிக்குக் கொஞ்சம் நிறம் குடுத்த மாதிரிதான் இருக்கு" என்று ரோபதே சொல்ல, "போன தடவை இதே மழைத்தண்ணியக் குடிச்சுட்டுப் படகுல மூட்டை மாதிரி கிடந்து போனவன் யாருடா?" என்று பெரியப்பா திருப்பிக் கொடுக்க, ஒரே சிரிப்பு. அப்போது ரோபதே தொலைக்காட்சியைப் பார்த்து, "வாத்தியார் வீட்டு டிவி எங்க ஊர் சர்ச் சுவரைவிடப் பெருசா இருக்கே! இன்னிக்கு ரக்பி ஆட்டம், போடுங்கப்பா" என்றார். அந்த ஆட்டம் இதில் வராது என்றேன். சகேயாசி அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்து, "என் போன்ல வரும் மாமா. அதுலேருந்து டிவிக்கு அனுப்பிடறேன். உங்க வைஃபை பாஸ்வேர்ட் மட்டும் வேணும். கெரெகெரே" என்றான். அந்தச் சொல்லைக் காதில் வாங்கியபின் இல்லை என்று சொல்லும் வீடு நம்மிடையே கிடையாது. உப்பு கேட்டாலும் படகு கேட்டாலும் கொடுத்துத்தான் பழக்கம். நம் தெருவில் பாதிப் பேர் வேலியோரம் நின்று நம் இணைப்பில்தான் படம் பார்க்கிறார்கள் என்பது உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நான் பேசாமல் இருந்தேன். பெரியப்பாதான், "ஏன்டா தம்பி, கல்லு மாதிரி உக்காந்திருக்கே? காத்துல வர்றதைக் குடுக்கக்கூடக் கணக்குப் பாப்பியா?" என்று கேட்டுவிட்டு, தாமே எழுந்து போய் ரவுட்டரைத் திருப்பிப் பிடித்து உரக்கப் படித்தார். என் வீட்டுக் கடவுச்சொல்லை என் அண்ணன் படிக்க, உன்னை அடித்தவன் எழுத்து எழுத்தாகத் தன் கைப்பேசியில் பதித்துக்கொண்டான்.

ஆட்டம் வந்தது. நன்றாகவே வந்தது. இடைவேளையில், பெரியவர்கள் வெளியே போய்வர வேண்டுமென்று சகேயாசி ஆட்டத்தை நிறுத்தி வைத்தான். அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தும் யாரும் ரிமோட்டைத் தொடவில்லை. சிறிது நேரத்தில் திரை கறுத்து, ஆற்றுக்கு அக்கரைக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், சுவர் முழுக்க மகெரேதா வந்து நின்றாள். பள்ளிச் சீருடை, பெரிய விளிம்புத் தொப்பி, தொப்பியின் முன்பக்கத்தில் பள்ளி முத்திரை, அதில் ஊரின் பெயர். அடுத்த படத்தில் உன் வீட்டு வாசல் தபால் பெட்டி மேல் அவள் ஏறி உட்கார்ந்திருந்தாள். காலுக்குக் கீழே கதவு எண். "ஈசா! புள்ள எப்படி வளந்துட்டா பாரு!" என்று பெரியவர்கள் உருகினார்கள், ரோபதேயின் கண் கலங்கியது, அது நடிப்பல்ல என்றே நினைக்கிறேன். சகேயாசியின் கண் கலங்கவில்லை. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான். "தொப்பி நல்லாருக்கு அத்தை. இது எந்த ஸ்கூல்?" என்று உன் அம்மாவிடம் மென்மையாகக் கேட்டான். அம்மாவின் கையிலிருந்த தட்டு பாயில் கவிழ்ந்தது. நான் எழுந்து போய்ச் சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினேன். "விருந்தாளிங்க முன்னாடி என்னடா பழக்கம் இது?" என்று பெரியப்பா அதட்டினார். பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அறையில் அதற்குப் பின் நடந்திருக்கக்கூடியதை எண்ணி, பேசாததற்காக நான் வருந்தவில்லை.

திங்களன்று அம்மாவின் கைப்பேசிக்கு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. நம் முன்னறை, நம் தொலைக்காட்சி, அதில் தபால் பெட்டி மேல் குழந்தை. கீழே, "பொண்ணு என்னை மாதிரியே இருக்கா அத்தை" என்று எழுதியிருந்தான். மிரட்டல் என்று எந்த அதிகாரியிடமும் காட்ட முடியாத ஒரு வரி. அன்றே ரவுட்டரில் பதிந்திருந்ததை முழுவதுமாக அழித்துப் புதிய கடவுச்சொல் வைத்தேன். தெருவில் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்றேன். வாத்தியார் வீட்டில் கஞ்சத்தனம் புகுந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். ஆனால் அவன் கைப்பேசி நம் இணைப்பில் இருந்த அந்த நேரத்தில் படங்களைத் தவிர வேறு எதையெல்லாம் தொட்டது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா தொலைக்காட்சியின் மேல் மேசைவிரிப்பைப் போட்டு மூடியிருக்கிறாள். கம்பி பிடுங்கிய பெட்டிக்கு எதற்கு முக்காடு என்று முதலில் எண்ணினேன். இப்போது விரிப்பு ஒரு முனையில் நழுவியிருந்தால் நானே போய் இழுத்துவிடுகிறேன். வாசலில் வண்டி ஏதாவது வேகம் குறைத்தால் இருவரும் பேச்சை நிறுத்துகிறோம்.

செவ்வாயன்று படகேறிப் பெரியப்பா ஊருக்குப் போனேன். கோபமாகப் பேசுவேன் என்று எதிர்பார்த்து, பெரியம்மா அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. நான் பாயில் உட்கார்ந்து, "அண்ணா, அந்தத் தம்புவா எனக்கு வேணும். கெரெகெரே" என்றேன். அவர் முகம் மாறியது. "அது எதுக்குடா உனக்கு?" என்றார். அந்தச் சொல்லுக்குமேல் எதற்கென்று கேட்கும் உரிமை இல்லை என்பது அவருக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை. எழுந்து போய் எடுத்துவந்து என் முன் வைத்தார். அதைச் சட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு நேரே அவர்கள் ஊருக்குப் போனேன். கூடத்தில் ஊர்க் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும் அதை ரோபதேயின் காலடியில் வைத்தேன். "குடுத்ததைத் திருப்பிக் கொண்டு வர்றத இந்த ஆத்துல யாரும் பாத்ததில்ல வாத்தியாரே" என்றார்; மச்சான் கேலியெல்லாம் அவர் குரலில் வற்றிப் போயிருந்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பின்னால் யாராவது வேறு மாதிரிச் சொன்னால் நீ நம்ப வேண்டாம்: "எம் பொண்ணு கை முறிஞ்சப்ப உங்கள்ல ஒருத்தரும் எங்க படியேறல. பழம் பறிக்கப் போறவனுக்கு ஊர்ல பிரச்சினை இல்லன்னு ஒரு பேச்சு தேவைப்பட்டுது, உடனே ஏறி வந்தீங்க. நாங்க மன்னிக்கல. இது உங்களோடது, வெச்சுக்குங்க." கூடத்துக் கம்பத்தில் சாய்ந்து நின்ற சகேயாசி, "மாமா, வைஃபை பாஸ்வேர்ட மாத்திட்டீங்க போல" என்றான். உனைசி, நம் இணைப்பு நம் வேலியைத் தாண்டிச் சில அடிகூடப் போகாது. அதை அறிய அவன் எங்கே வந்து நின்றிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்.

அந்த ஊர்த் தலைவர் என்னைப் படகுவரை கொண்டுவந்து விட்டார். ஒப்பந்தத்துக்கு ஆள் அனுப்பும்போது அவர்தான் ஊர் சார்பில் நற்சான்று சொல்ல வேண்டும். "அவன் பேரை அனுப்பியாச்சு வாத்தியாரே. நல்லவன்னு சொன்னது தப்புன்னு இன்னொரு தடவை எழுதறேன். கேப்பாங்களா மாட்டாங்களா, என்னால சொல்ல முடியாது" என்றார். நேர்மையான மனிதர், அதனால் எனக்கு நிம்மதியான பொய் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே அவன் வருவான் என்றே வைத்துக்கொள். அவன் உன்னை நெருங்கக் கூடாதென்று நீ இங்கே வாங்கிய நீதிமன்றத் தடையுத்தரவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை அங்குள்ள காவல் நிலையத்துக்கு நீ முதல் வேலையாகக் கொண்டுபோ. பள்ளித் தலைமையாசிரியரிடம் அவன் படத்தைக் காட்டு, உன்னைத் தவிர யாரிடமும் குழந்தையை ஒப்படைக்கலாகாது என்று எழுத்தில் வாங்கிக்கொள். பிறகு வீட்டை மாற்று. முடிந்தால் ஊரையும் மாற்று. வேலை போகுமே என்று தயங்காதே.

இனி எழுதப்போவதை அம்மாவிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகே எழுதுகிறேன். புதிய முகவரியை எங்களுக்குத் தெரிவிக்காதே. லோசலினிக்கும் சொல்லாதே. படம் அனுப்பாதே, குழந்தையின் பல் விழுந்தாலும், பரிசு வாங்கினாலும். பெரியப்பா மறுபடி இந்தப் பாயில் வந்து உட்கார்ந்து கேட்பார், மற்றவர்களும் அதே சொல்லைச் சொல்லிக் கேட்பார்கள். இந்த வீட்டில் கேட்டால் கொடுத்துவிடுவோம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். எங்களிடம் இல்லாததை மட்டும்தான் எங்களிடமிருந்து யாரும் வாங்க முடியாது. அம்மா வெகுநேரம் மூடிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெரியாமலே இருந்துட்டுப் போறேன். அவங்க ரெண்டு பேரும் இருந்தாப் போதும்" என்றாள். அதன் பிறகு எழுந்து சமையலுக்குத் தேங்காய் துருவப் போனாள்.

கடவுள் உன் முன்னும் பின்னும் நிற்கட்டும். குழந்தை படுத்தபின் அவள் தலையில் ஒருமுறை என் கையாக உன் கையை வை. தொப்பியிலிருக்கும் முத்திரையை நாளையே பிரித்து எடுத்துவிடு, மறக்காதே. படித்ததும் இந்தத் தாளை எரித்துவிடு.

பதிலை எதிர்பார்க்காத,
உன் அன்பு அப்பா,
அகுய்லா