வெள்ளிக்கிழமை மாத்திரை

அக்கா,

இன்று காலை பருத்திக் காட்டில் களை எடுக்கும்போது கையில் கீழாநெல்லி வந்தது. வேரில் கரிசல் மண் அப்பியிருந்தது. கசக்கி முகர்ந்தேன். உங்கள் கடைசி மாதத்தின் வாசம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டில் பத்தொன்பது வருஷம் இருந்தோம். உங்கள் விரல் முட்டுகள் வீங்கி, சீப்புகூடப் பிடிக்க முடியாமல் போனபோது தலை வாரிவிட்டவள் நான். கோவில்பட்டி டாக்டர் முடக்குவாதம் என்றார். வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை கொடுத்தார். மறந்துவிடாமல் இருக்க, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்ததும் போடுவது என்று வைத்துக்கொண்டோம். அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்க உங்கள் விரலுக்கு வலு கிடையாது. நான்தான் எடுத்து உள்ளங்கையில் வைப்பேன்.

“ஏட்டி, பிரசாதம் மாதிரில்லா தாரே” என்று சிரிப்பீர்கள்.

வலி விட்டது. மறுபடி பருத்தி எடுத்தீர்கள். நிரையில் எனக்கு முன்னால் போனீர்கள். மாத்திரை கல்லீரலைக் கெடுக்கலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு தடவை பார்த்தோம். அடுத்த தடவை பருத்தி வெடித்துக் கிடந்த நேரம்.

“போயிட்டு வந்துருவமாட்டி?” என்று கேட்டீர்கள்.

“நல்லாத்தான இருக்கிய. வலியும் இல்ல. பருத்தியப் போட்டுட்டு என்னத்துக்குக்கா பஸ் ஏறணும்?”

சொன்னது நான்.

அதன்பின் போகவேயில்லை. சோறு பிடிக்கவில்லை என்றீர்கள், வெயில்தான் என்றேன். ஒரு காலையில் முகம் கழுவி நிமிர்ந்தீர்கள். கண் மஞ்சளாக இருந்தது. காமாலைதானே என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தேன். உப்பில்லாப் பத்தியம் வைத்தேன். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கை மறுபடி முடங்கிவிடுமே என்று பயம். நான்கு வெள்ளிக்கிழமை, அக்கா. நான்கையும் நானே பிதுக்கிக் கொடுத்தேன். வயிறு வீங்கிய பிறகுதான் ஆட்டோ பிடித்தோம்.

“கண்ணு மஞ்சளானப்பவே மாத்திரைய நிப்பாட்டிட்டு இங்க வந்திருக்கணும்மா” என்றார் டாக்டர்.

நீங்கள் கட்டிலில் கிடந்தபடி, “அவள ஒண்ணும் சொல்லாதிய சார்” என்றீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது யாரோடு பேசினாலும் முதலில் கண்ணின் வெள்ளையைத்தான் பார்க்கிறேன்.

பத்து நாளாகக் காலையில் என் விரல்கள் மடங்கவில்லை. வெந்நீரில் முக்கினால்தான் கொஞ்சம் வழிக்கு வருகின்றன. உங்கள் கொழுந்தன் நேற்று பார்த்துவிட்டார்.

“என்னட்டி, கையி ஒரு மாதிரியா இருக்கு?”

“ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்” என்றேன்.

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டேன்.