ஐ.சி.க்கு வைத்த குங்குமம்

ஈப்போ,
தீபாவளிக்கு முந்திய வாரம்.

அன்பு மகள் தினேஸ்வரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்னவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மனிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசுவதையெல்லாம் யாரோ எங்கோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய். இதில் எழுதப்போவது யாரும் கேட்கக்கூடாத விஷயம், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டாதே. பயப்படாதே, நல்ல விஷயம்தான், என் பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஆனால் அது வந்த கதை இருக்கிறதே, அதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வருடம் நீ வந்திருந்தபோது எங்கள் இரண்டு பேரையும் சோபாவில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தாய் அல்லவா, அடையாள அட்டை, அந்த ஐ.சி.யைக் கேட்டவர்களுக்கெல்லாம் நீட்டாதீர்கள், நகல் கொடுத்தால் அதன்மேல் கோடு போட்டு எதற்காகக் கொடுத்தது என்று எழுதுங்கள், கொண்டோ அடுக்குமாடி வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள் என்று, அதை நாங்கள் மறக்கவே இல்லை. அப்பா இப்போது வேனில் பேக்டரிப் பெண்களை ஏற்ற கொண்டோவுக்குப் போனால் ஜாகாவிடம் கோயில் உறுப்பினர் கார்டைத்தான் கொடுக்கிறார். அந்த மனிதர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு கேட்டைத் திறந்துவிட்டாராம், நம்ம கோயில் கார்டுக்கு இருக்கிற மரியாதைய பாத்தியா என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. நானும் சும்மா இருக்கவில்லை. ஐ.சி. எண்ணின் முதல் ஆறு இலக்கத்தைப் படித்தால் பிறந்த தேதி தெரிந்துவிடும் அல்லவா, அதில் வருடத்தின் மேல் மட்டும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்தேன். நீ யாருக்கோ பயந்து சொன்னாய், எனக்கு எதிர்வீட்டுக் காளியம்மா அக்காவிடம்தான் பயம். இந்தத் தாமான் குடியிருப்புக்கு நாம் குடிவந்த அன்று அவர் என்னைப் பார்த்து, நீ என் தங்கச்சி மாதிரிலா இருக்கே என்றார், நானும் அப்படியே இருந்துவிட்டேன். உண்மையில் நான்தான் அவருக்கு இரண்டு வயது மூத்தவள். இத்தனை காலமாக அவரை அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டு, வேனில் முன்சீட்டை மரியாதையாக அவருக்கு விட்டுக்கொடுத்து நான் தங்கச்சியாகவே காலம் தள்ளினேன். இது அப்பாவுக்கும் அந்த ஐ.சி.க்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

இந்த ஆயுத பூஜைக்கு அப்பா வழக்கம்போல வேனைக் கழுவி, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். இப்போது ஐ.சி.யைச் செருகினால்தான் குறைந்த விலையில் பெட்ரோல் கிடைக்கிறது, அதனால் இது இல்லாம வண்டி ஓடாது, அப்ப இதுவும் ஆயுதம்தானே என்று தன் ஐ.சி.யைத் தட்டில் வைத்தார். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று என்னுடையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நான் அடுப்படியில் சுண்டல் கிளறிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் அந்தத் தங்க நிற சிப்பின் மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, பூவும் போட்டிருந்தார். விடியும்வரை தட்டிலேயே இருந்தது. அப்பாவுடையது பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் தப்பித்தது. என்னுடையதைத் துணியால் துடைத்து, எலுமிச்சை தேய்த்து, பழைய பல் பிரஷ்ஷாலும் சுரண்டினார். பளபளவென்று ஆகிவிட்டது, ஆனால் உயிர் போய்விட்டது. உன் பிரசவத்துக்கு வர பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில் மெஷினில் செருகிப் பார்த்துவிட்டு, முதலில் புது ஐ.சி. எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஐ.சி. ஆபீசுக்குக் கிளம்பினால், தன் பேத்திக்கும் ஐ.சி. எடுக்க வேண்டும் என்று காளியம்மா அக்காவும் பேத்தியோடு வேனில் ஏறிக்கொண்டார், முன்சீட்டில். அங்கே என் நம்பர் வந்ததும் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் கட்டைவிரலை வைக்கச் சொன்னாள். வைத்தேன், வரவில்லை. துடைத்து வைத்தேன், வரவில்லை. அடுத்த கை விரலும் அதே கதைதான். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது, அதுதான் ஆபத்து என்று நீ சொன்னாய். உன் அம்மா விரலையே மாற்றிவிட்டாள் கண்ணு. பீடோர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியதில் பாதி ரேகை போயிற்று, பள்ளிக்கூடக் கேன்டீனில் சட்டி தேய்த்ததில் மீதியும் போயிற்று. அந்தப் பெண் பாவம், நல்ல மாதிரி, மலாயில் பெரியம்மா முறை வைத்து, பரவாயில்லை மக்சிக், சில கேள்வி கேட்கிறேன், பதில் சொன்னால் போதும் என்றாள். என் அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த ஊர் எல்லாம் கேட்டாள், சொன்னேன். கல்யாணத் தேதியைக் கேட்டபோது உன் அப்பா பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார், தப்பாக. கடைசியில் பிறந்த தேதியை வருடத்தோடு கேட்டாள்.

நடுவில் கண்ணாடி. அவள் பேசுவது ஒலிபெருக்கியில் கூடம் முழுக்கக் கேட்கிறது, நான் முணுமுணுப்பது அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் மக்சிக் என்றாள். எழுதித் தரட்டுமா என்றேன், வாயால்தான் சொல்ல வேண்டும் என்றாள். திரும்பிப் பார்த்தேன். முதல் வரிசையில் காளியம்மா அக்கா கையில் பையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, குனிந்து காதருகில், இன்னொரு நாள் தனியா வரலாம்லா என்றார். எனக்கும் எழுந்து போய்விடத்தான் தோன்றியது. ஆனால் தீபாவளி லீவு வருகிறது, டிக்கெட் எடுக்க என் பாஸ்போர்ட் எண்ணுக்காக மாப்பிள்ளை காத்திருக்கிறார், நீ டிசம்பரில் தனியாக வலியில் கிடப்பாய். அங்கே உன் பக்கத்தில் இல்லாமல் இங்கே நான் இளமையாக உட்கார்ந்திருந்து யாருக்கு என்ன பிரயோசனம். எழுந்து நின்று, கண்ணாடியருகே வாயை வைத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று என்று மலாயில் கத்தினேன் கண்ணு. கூடமே திரும்பிப் பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் அன்று மாலையே புது ஐ.சி. கைக்கு வந்துவிட்டது.

வெளியே வந்தால் காளியம்மா அக்கா வேனின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். முன்னால ஏறுங்கக்கா என்றார். அவர் இன்றுவரை யாரிடமும் என் வயதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லார் முன்னாலும் என்னை அக்கா என்று கூப்பிட்டார், அதிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. நேற்று முறுக்கு பிழியக்கூட வந்தார், நீங்க உக்காருங்கக்கா, வயசானவங்க என்று சொல்லி எல்லா மாவையும் அவரே பிழிந்துவிட்டார். கோபமா கேலியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முறுக்கு நன்றாக வந்திருக்கிறது, உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

நீ படிக்கட்டில் பார்த்து இறங்கு, வெந்தயக்கஞ்சி குடி, ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்காதே. பிள்ளை பிறந்ததும் அதன் படத்தையும் எடையையும் நேரத்தையும் எல்லா குரூப்பிலும் போட்டுவிடாதே, இது உன் வகுப்பில் நீ சொன்னதுதான். நவம்பர் கடைசியில் வருகிறேன். அங்கே விமான நிலையத்திலும் விரல் வைக்கச் சொல்வார்களோ என்னவோ, நீ மட்டும் அலையாமல் வீட்டிலேயே இரு, மாப்பிள்ளை வாசலில் நிற்கட்டும். அப்பாவும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், பாஸ்போர்ட்டை அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். அம்மனும் முருகனும் உனக்குத் துணை இருந்து, தாயும் பிள்ளையுமாக இரண்டு உயிரும் நல்லபடியாக இருக்கட்டும், நீ நூறு வருடம் நன்றாக இரு.

கீழே குங்குமம் தொட்டு என் கட்டைவிரலை வைத்திருக்கிறேன், உன் நெற்றிக்கு என்று நினைத்துக்கொள். வெறும் சிவப்பாகத்தான் இருக்கும், ரேகை ஒன்றும் தெரியாது. ஆனாலும் அது யார் என்று உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கலாதேவி