ஆபத்துக்கு என்று வைத்தது

ஜனக்புரி,
18 மார்ச் 2024

அன்புள்ள ஹம்சாவுக்கு,

வல்லி எழுதுவது. பெருமாள் கிருபையில் இங்கே எல்லாரும் சௌக்கியம், இவருடைய முழங்காலைத் தவிர. அதனால் முக்திநாத்துக்கு நான் தனியாகத்தான் வருகிறேன். நீயும் உங்காத்து ராஜாராமன் மாமாவும் கூட இருக்கிறீர்கள் என்ற தைரியம்தான்.

நீ போனில் கேட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது குக்கர் கத்தி, பாதியில் விட்டுப்போயிற்று. துவாரகாவுக்கு மெட்ரோவில் அரை மணிதான், நேரில் வந்தே சொல்லலாம். இருந்தாலும் எழுதியே அனுப்புகிறேன், கைப்பையில் வைத்துக்கொள். எட்டாவதோடு நின்றவள் எழுத்து, மாமா சிரிக்கக் கூடாது.

நேபாளத்தில் நம் ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது. நூறும் அதற்குக் கீழும்தான். பேங்கில் முன்னாடியே சொல்லி நூறாக வாங்கிக்கொள். யார் என்ன விலை சொன்னாலும் "ஐ.சி.யா, என்.சி.யா" என்று கேள். முதலாவது நம் ரூபாய், இரண்டாவது அவர்களுடையது. நம் நூறு அவர்களுக்கு நூற்றறுபது. போன தடவை போக்ராவில் கேட்காமல் ஒரு சால்வைக்குக் கொடுத்து ஏமாந்தேன், இன்னும் வயிறு எரிகிறது.

இங்கே தர்பூசணி விற்கிற பையாகூட ஸ்கேன் அட்டையை மாட்டி வைத்திருக்கிறான். மலையில் அது நடக்காது, எல்லாம் ரொக்கம். போக்ராவிலேயே ஏ.டி.எம். வேலையை முடித்துவிடு. மேலே ஜோம்சோமில் இருக்கிற மெஷின் கோயில் மாதிரி. போகிற நேரத்துக்கு நடை திறந்திருந்தால் உன் அதிர்ஷ்டம். உயரம் ஏற ஏற வெந்நீருக்குக் காசு, போன் சார்ஜ் போடக் காசு. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டு வா, ஒரு வேளைச் செலவு மிச்சம்.

பணத்தை மூன்றாகப் பிரி. தினச் செலவு வெளிப்பையில். காணிக்கை மஞ்சள் துணியில். நம் பஜனை கோஷ்டிக்காரர்களும் மற்றவர்களுமாக என்னிடம் பதினோரு பேர் முடிந்து கொடுத்திருக்கிறார்கள், எங்காத்தில் வேலை செய்கிற பவுனு உட்பட. மூன்றாவது, ஆபத்துக்கு என்று ஒரு நாலாயிரம். அதை இடுப்பில் கட்டுகிற உள்பையில் வை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் தொடாதே. இருக்கிறது என்று கூட வருகிறவர்களிடமும் மூச்சு விடாதே. நாலு பேர் சேர்ந்து போகிற இடத்தில் "இருக்கு" என்று சொன்னவள்தான் எல்லாருக்கும் தண்டம் அழ வேண்டும். "இல்லை" என்று சொல்லப் பழகிக்கொள்.

மாமாவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உன் வல்லி


துவாரகா,
23 மார்ச் 2024

என் அன்பு வல்லிக்கு,

உன் கடிதத்தை இவர் இரண்டு தடவை படித்தார். "இவங்க எங்க ஆபீஸ் கணக்கு செக்‌ஷன்ல இருந்திருந்தா ஒரு டி.ஏ. பில்லும் பாஸ் ஆயிருக்காது" என்றார். உங்காத்துக் கல்யாணராமன் மாமாவை நினைத்தால் பாவமாக இருக்கிறதாம்.

நூறு ரூபாய்க் கட்டுக்கு பேங்கில் சொல்லியாயிற்று. நீ சொன்னபடி மூன்று பை தைத்தேன். உள்பையைக் கட்டிப் பார்த்ததில் எனக்கு நாலு கிலோ கூடின மாதிரி இருக்கிறது. இவருக்கு ஒரே சிரிப்பு.

போன வருஷம் இவருக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நான் வேண்டிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். கோயிலில் விழுகிற அந்த நூற்றெட்டு தண்ணீர்த் தாரையில் ஒன்றிலாவது இவர் தலையை நனைத்து, பெருமாளைச் சேவித்துவிட்டால் போதும். டாக்டர் போகலாம் என்றார். ஆனால் மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கீழே இறக்கிவிட வேண்டுமாம். நீ ஏற்கெனவே போனவள், கூட இருக்கிறாய். எனக்குப் பயமில்லை.

"இல்லை" என்று சொல்லத்தான் எனக்கு வரவே வராது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்த நாளிலேயே நீ திட்டுவாய். பத்து நாள் உன்னோடு இருந்து கற்றுக்கொள்கிறேன்.

உன்,
ஹம்சா


ஜனக்புரி,
28 ஏப்ரல் 2024

அன்புள்ள ஹம்சாவுக்கு,

நாலு தடவை போன் செய்துவிட்டேன், நீ எடுக்கவில்லை. போக்ரா ஆஸ்பத்திரியிலிருந்து மாமாவை விமானத்தில் அழைத்து வந்துவிட்டாய் என்று எங்கள் மாடி வீட்டு உஷாராணி சொல்லித்தான் தெரிந்தது. எப்படி இருக்கிறார்? சாப்பிடுகிறாரா?

நேரில் வரலாம் என்று மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் போனேன். கார்டை வைக்கிற இடத்தில் நின்று திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உன் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். வழியில் மலை சரிந்து இரண்டு நாள் பெனி ஊரில் அடைபட்டதில் எல்லார் கையும் காலி. கோயிலுக்குக் கீழே லாட்ஜில் போய் இறங்கினதும் மாமாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பணத்தைக் கையில் வைத்தால்தான் சாவியைத் திருப்புவேன் என்றான் ஜீப்காரன். நீ ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டு வந்தாய். என்னிடம் வந்து, "வல்லி, உன்கிட்ட இருக்காடி?" என்றாய். நான் இல்லை என்றேன். லாட்ஜ்காரியிடம் உன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து மாமாவை இறக்கினாய், சேவிக்காமலே.

மறுநாள் காலை நான் பதினோரு முடிச்சையும் அவிழ்த்து உண்டியலில் சேர்த்தேன். கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்று போட்டோ எடுத்து கோஷ்டி குரூப்பில் போட்டேன். நீயும் அந்தக் குரூப்பில் இருக்கிறாய் என்பது போட்ட பிறகுதான் உறைத்தது.

ஹம்சா, அது ஊரார் பணம். பெருமாளுக்கு என்று முடிந்தது. அதை அவிழ்க்க எனக்கு என்ன அதிகாரம்? நீயே என் இடத்தில் இருந்தால் தொட்டிருப்பாயா? வளையலை மீட்கிற பணத்தில் பாதி நான் தருகிறேன். மறுக்காதே.

ஒரு வரி எழுது.

உன்,
வல்லி


துவாரகா,
6 மே 2024

வல்லிக்கு,

இவர் வாசல் வரைக்கும் நடக்கிறார். இரவில் மட்டும் ஆக்சிஜன் வைக்கிறோம். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று போக்ராவில் சொன்னார்கள். அந்த லாட்ஜ்காரி வளையலை எடை போட்டுக்கூடப் பார்க்கவில்லை. பணத்தை என் கையில் திணித்து "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டினாள். நம் பயணத்தை ஏற்பாடு செய்துவிட்டுக் கீழே போக்ராவில் இருந்த டூர்க்காரர் வளையலை மீட்டு அனுப்பிவிட்டார். அவர் பணத்தை அவருக்குக் கொடுத்தாயிற்று. உன் பாதி வேண்டாம்.

பெருமாள் பணத்தை நான் கேட்கவில்லை. நீ கொடுத்திருந்தாலும் வாங்க எனக்குக் கை வந்திருக்காது. அந்தப் போட்டோவைப் பார்த்து நான் கோபப்படவும் இல்லை.

ஆபத்துக்கு என்று நாலாயிரம் வைக்கச் சொல்லி எழுதினவள் நீ. என்னுடையதை நான் பெனியில் வெளியே எடுத்துவிட்டேன். எல்லாருக்கும் அரிசி வாங்கினது அதில்தான், ரூம் வாடகை கொடுத்ததும் அதில்தான். நீயும் அந்தச் சாதத்தைத்தான் சாப்பிட்டாய். "எதுக்குடி வெளியில எடுக்கறே" என்று என் காதில் கடிந்தும் கொண்டாய்.

உன்னுடையது எங்கே இருந்தது? அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒன்றும் காணோம். அதை மட்டும் எழுது.

ஹம்சா


ஜனக்புரி,
13 மே 2024

ஹம்சா,

இருந்தது. இடுப்பில் இருந்தது. நீ என் முன்னால் நின்று கேட்டபோது என் கை புடவைக்கு மேலே அதன் மேல்தான் இருந்தது.

மறந்துவிட்டேன் என்று எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பதறிப்போய் ஒன்றும் தோன்றவில்லை என்றும் எழுதலாம். அதெல்லாம் இல்லை. நீ முதல் ஆளிடம் கேட்கிறபோதே நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். இன்னும் எத்தனை நாள், போக்ராவுக்குப் பஸ் எவ்வளவு, பார்டரில் எவ்வளவு, இவர் கூட இல்லை, அந்நிய தேசம், என்னைக் கேட்பார் யார். மாமா மூச்சுக்குத் திணறுகிற சத்தம் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. கணக்கை முடித்துவிட்டுத்தான் "இல்லைடி, எல்லாம் தீர்ந்துபோச்சு" என்றேன். பெருமாள் பெயரை அப்போது நான் நினைக்கக்கூட இல்லை. போன கடிதத்தில் அவரை இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை கோஷ்டிக்குப் போனேன். செப்டம்பரில் அடுத்த பேட்ச் முக்திநாத் போகிறது. உஷாராணி எல்லார் முன்னாலும், "மாமி, அங்க பணத்தை எப்படி மேனேஜ் பண்றதுன்னு சொல்லுங்கோ, நாங்க எழுதிக்கறோம்" என்றாள். இன்னொருத்தி, "அத்தனை கஷ்டத்திலயும் காணிக்கையில ஒரு நோட்டைத் தொடலையே, அவாதான் பக்தை!" என்றாள். ரெண்டு பேர் கையெடுத்துக்கூடக் கும்பிட்டார்கள். எனக்குக் கூசிற்று. எழுந்து வந்திருக்கலாம். வராமல் சொல்ல ஆரம்பித்தேன். நூறு ரூபாய் நோட்டைச் சொன்னேன், ஐ.சி. என்.சி. சொன்னேன், எல்லாரும் போனில் தட்டிக்கொண்டார்கள். பணத்தை மூன்றாகப் பிரிக்கணும் என்றேன். முதலாவது, இரண்டாவது. அதோடு நிறுத்தினேன். "மூணாவது எதுக்கு மாமி?" என்றாள் உஷாராணி.

"ஆபத்துக்கு. அது என்கிட்ட இருந்தது. ஹம்சா கேட்டா. இல்லைன்னுட்டேன்" என்றேன்.

ஹார்மோனியத்தை யாரோ மூடினார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. உஷாராணிதான், "சரி மாமி, போனது போகட்டும், சுண்டல் எடுத்துக்கோங்கோ" என்றாள். எடுத்துக்கொண்டேன். கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்த நாலாயிரம் அப்படியே இருக்கிறது. மளிகைக்கு எடுக்க மனசில்லை. உண்டியலில் போடலாம் என்றால் அதற்கும் கூசுகிறது. உனக்கு அனுப்பினால் நீ என்ன நினைப்பாய் என்றும் தெரியும்.

மன்னிக்கச் சொல்லவில்லை. மாமாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன். வருகிற சனிக்கிழமை வரட்டுமா? வாசலோடு திரும்பிவிடுகிறேன்.

வல்லி


துவாரகா,
16 மே 2024

வல்லி,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே உஷாராணி போன் பண்ணி எல்லாம் சொல்லிவிட்டாள். நீ சுண்டலோடு நடந்து போனதைக்கூட. பத்துப் பேர் நடுவில் சொல்ல உனக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னை எனக்குத் தெரியாதா.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஜீப்பில் மலை இறங்குகிறபோது இவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து, "சேவிச்சாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றேன். அதையே நம்பிக்கொண்டிருக்கிறார். தினம் காலையில் யார் வந்தாலும், "முக்திநாதனைப் பார்த்துட்டேன், இனிமே என்ன" என்கிறார். தாரையில் தண்ணீர் எவ்வளவு ஜில்லென்று இருந்தது என்றுகூடச் சொல்கிறார். நான் திருத்தவில்லை. உன் கடிதத்தையும் இவரிடம் காட்டவில்லை.

நீ வந்தால் அதைத்தான் பேசுவார். "வல்லிதானே எல்லாம் எழுதிக் கொடுத்து நம்மளை அழைச்சுண்டு போனா" என்று உனக்கு நன்றி சொல்வார். நீ தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் உள்ளே போய் உனக்குக் காபி கலக்க வேண்டும். அது இப்போது என்னால் ஆகாது.

சனிக்கிழமை வராதே. என்னால் ஆகிற அன்றைக்கு நானே போன் பண்ணுகிறேன். எப்போது என்று மட்டும் கேட்காதே.

ஹம்சா