டேட்டாபேஸ் கதவைத் திறக்கவில்லை

மார்ச் 3, திங்கள்

இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். இன்று நான் சரிசெய்த லிஃப்டிலேயே நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டேன். மூன்றாம் மாடிப் பல் டாக்டர்தான் ஆள் கூட்டிவந்து வெளியே எடுத்தார். "வலிக்காம எடுத்துட்டோம்ல?" என்று கிண்டல் வேறு. வீட்டில் மூச்சு விடவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மகள் சாப்பிட வரவில்லை. கம்பெனி எழுதும் சாஃப்ட்வேரை வீட்டிலிருந்தே சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. வெள்ளிக்கிழமை சோதனையை நடத்திக் காட்டினால்தான் நிரந்தரம். அவள் கம்ப்யூட்டரில் மட்டும் டேட்டாபேஸ் — தகவலெல்லாம் இருக்கிற இடமாம் — இணைப்பை மறுக்கிறது.

என்னவென்று கேட்டேன். "விடுங்கப்பா, உங்களுக்குப் புரியாது." உண்மைதானே, கோபம் எதற்கு? கொஞ்சம் வந்தது.

மார்ச் 5, புதன்

இன்றும் மறுப்புதான். "டி.வி.யத் தட்டுவீங்களே, அதையும் போய்த் தட்டிப் பாருங்க" என்கிறாள் மனைவி.

மார்ச் 6, வியாழன்

எனக்கு வார விடுமுறை. காலையில் டீ கொண்டுபோனேன். மகளுக்குக் கண் சிவந்திருந்தது. "நாளைக்கு என்னத்தக் காட்டுவேன்? வேலை போச்சுப்பா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சொல்லு பாப்பா, என்னதான் ஆச்சு?"

சொன்னாள். கம்ப்யூட்டருக்குள் ஆயிரக்கணக்கில் கதவுகளாம், ஒவ்வொன்றுக்கும் எண். டேட்டாபேஸ் 5432இல் இருக்க வேண்டும். தட்டினால், அங்கே யாருமில்லை என்று பதில்.

எனக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான். லிஃப்ட் நின்றால் வாட்ச்மேனிடம் கேட்பது. "கடைசியா எதுல கைய வச்சே?"

"பழைய டேட்டாபேஸ எடுத்தேன். புதுசு அதுக்கு முன்னாடியே போட்டாச்சு..." நிறுத்தினாள். "அய்யோ அப்பா! புதுசு போடறப்போ பழசு உள்ளதான் இருந்துச்சு!"

அப்புறம் எனக்காக விளக்கினாள். 5432இல் பழையது உட்கார்ந்திருந்ததால், புதியது தானாகவே அடுத்த கதவுக்கு, 5433க்குப் போய்விட்டது. பழையதை எடுத்ததும் முதல் கதவில் ஆளில்லை. இவள் மூன்று நாளாக அங்கேயே தட்டியிருக்கிறாள்.

எண்ணை மாற்றினாள். இணைந்துவிட்டது! என் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். கழுத்து இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

மார்ச் 7, வெள்ளி

வேலை நிரந்தரம். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மேலதிகாரி கேட்டதற்கு, "எங்கப்பா கேட்ட கேள்வி சார்" என்றாளாம். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நானும் பெரிய ஆள் மாதிரி தலையாட்டிக்கொண்டேன்.

இந்த வேலையில் சேர்ந்தபிறகு மகள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் என்னோடு பேசியது நேற்றுதான். பேச்சை நிறுத்திவிடப் போகிறாளே என்றுதான் வாயில் வந்ததைக் கேட்டு வைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.