மாதிரிக்குச் செத்த அப்பா

தார்வாட்
ஞாயிறு

சென்னு, அந்த அமெரிக்கக் குளிரில் நீ நன்றாகத்தான் இருப்பாய், சிவன் உன்னை அப்படியே வைக்கட்டும். இங்கே உன்னைப் பெற்றவள் நான் இருக்கிறேன், உன் அப்பா இல்லை. அவர் உள்ளங்கையில் லிங்கத்தை வைத்து, திருநீறு கொட்டி, நம் வழக்கப்படி குழியில் உட்கார வைத்து அடக்கம் பண்ணியதைப் போனில் பார்த்தாயாம். கூட்டமே இல்லையே, ஏன் என்று உன் தங்கையிடம் கேட்டாயாம். கேட்பாயடா, நீ கேட்பாய்.

நீ பெங்களூரில் பேப்பரில் போன், கம்ப்யூட்டர் பற்றி எழுதிய நாளில், பஸ் ஓட்டிவிட்டு வந்த மனுஷர் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் எனக்குப் படித்துக் காட்டுவார். ஒரு வாரம் வைத்துப் பார்க்காத போனைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன் என்று கம்பெனிக்காரனைத் திருப்பி அனுப்பினாயே, அதை டிப்போ முழுக்கச் சொல்லித் திரிந்தார். அப்புறம் நீ முதலாளி ஆனாய். சாவுச் செய்தி போடுகிற இணையதளம், தூரதேசத்தில் இருக்கிறவன் பொத்தானை அமுக்கினால் செத்தவர் படத்துக்கு முன்னால் திரையிலேயே விளக்கு எரியுமாம். எண்ணெய் வேண்டாம், திரி வேண்டாம், நேரில் வரவும் வேண்டாம். நல்ல தொழில் பிடித்தாய். பணம் போடுகிறவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரிப் பக்கம் வேண்டுமென்றால் உனக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை? அப்பா படத்துக்கு மாலை போட்டு, மறைந்தார் என்று நீயே எழுதி வைத்தாய், உன் ஆபீஸ் பிள்ளைகள் அதை ஊரெல்லாம் பார்க்க விட்டுவிட்டார்கள். "தெரியாம நடந்துடுச்சு அவ்வா, டெஸ்டிங்" என்றாய். இங்கே பக்கத்து வீட்டு நீலவ்வா, சாவு வீட்டில் அடுப்பு எரியாதே என்று சோள ரொட்டியும் கத்திரிக்காயும் கட்டிக்கொண்டு அழுதபடி வருகிறாள், செத்தவர் வாசலில் முகமெல்லாம் சோப்போடு சவரம் பண்ணிக்கொண்டிருக்கிறார். "அழுகையை அப்புறம் வெச்சுக்க நீலவ்வா, ரொட்டி ஆறுது, எடு" என்றார். நவலகுந்திலிருந்து அவருடைய அக்கா கங்கவ்வா மார்பில் அடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியவள், தம்பியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினாள். "சாகாமலே என்னை அழ வெச்சியேடா பாவி, இனிமே நீ நெசமா செத்தாலும் வரமாட்டேன் போ" என்றாள். எல்லோரும் சிரித்தோம், அவரும்தான்.

மாதம் திரும்புவதற்குள் நிஜமாகவே போய்விட்டார். சாவுச் செய்தி சொல்லப் போன் பண்ணினால், "என்ன, உங்க சென்னு மறுபடியும் டெஸ்டிங் பண்றானா?" என்கிறார்கள். கங்கவ்வா பேசாமலே வைத்துவிட்டாள். உண்மை தெரிந்து அவள் ஓடி வந்தபோது மண் மூடியாகிவிட்டது, மேட்டில் விழுந்து தம்பி முகத்தைக் காட்டு காட்டு என்கிறாள். நான் எதைக் காட்டுவேன், உன் இணையதளப் பக்கத்தில் மாலையோடு இருக்கிறதே, அதையா? போனைக்கூட வைத்துப் பார்த்து எழுதினவன், பெற்றவர் சாவை மட்டும் பார்க்காமலே எழுதினாய், சாவு வந்தபோதும் பார்க்க வரவில்லை. பணம் போடுகிறவர்களோடு கூட்டமாம்.

போகட்டும், நீ நூறு வயசு இரு. காதை மூடாமல் பனியில் போகாதே, உனக்குச் சின்னதிலேயே காதுவலி. அந்தப் பக்கத்தை முதலில் எடு, இன்னும் அப்படியே இருக்கிறது.

உன் அவ்வா
சாந்தவ்வா

ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப் பக்கம் வெளியே வந்ததற்கு முந்தின நாள் போனில் அவரிடம், "சாப்டியாப்பா, முட்டிவலி எப்படியிருக்கு" என்று கேட்டாய், அதை அவர் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். சென்னு, நீ அதைக் கேட்டது, மறைந்தார் என்று எழுதுவதற்கு முன்னாலா, எழுதி முடித்த பிறகா?