பென்சில் புள்ளி வைத்த இடம்

1998 ஜூன் 26, வெள்ளி

செவிலிமேட்டில் எங்கள் டிரஸ்ட் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தைத் திங்கட்கிழமையோடு மூடுகிறார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கலா சாயங்காலம் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். நானும் ஒரு டிரஸ்டி.

"நீங்களும் கையெழுத்து போட்டுக்கீறீங்கன்னு செக்ரட்டரி சொல்றாரும்மா."

போட்டிருக்கிறேன். கருட சேவை அன்று காலையில், டிரஸ்டின் தீர்மானங்களை எழுதும் மினிட்ஸ் நோட்டு வீட்டுக்கு வந்தது. பெருமாள் தெருமுனைக்கு வந்துவிட்டார். வழக்கம்போல் பென்சிலில் புள்ளி வைத்த இடத்தில் போட்டுவிட்டு, கற்பூரத் தட்டோடு வாசலுக்கு ஓடினேன். ராங்க் கார்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட அப்பாக்களை முப்பது வருஷம் திட்டிய டீச்சர் நான்.

செக்ரட்டரிக்கு போன் செய்தேன். "ஒருமனதா நிறைவேறின தீர்மானம் மேடம். ஏழு பேரும் போட்டாச்சு. இனிமே என்ன பண்றது" என்றார். மற்றவர்களும் படித்திருக்க மாட்டார்கள். கேட்டால் படித்தோம் என்பார்கள்.

கலாவிடம் உண்மையைச் சொன்னேன். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"அதான பார்த்தேன். படிச்சிருந்தா போட்டிருக்க மாட்டீங்க. பிள்ளைங்கள வுட்டுட்டு தறிக்குப் போற அம்மாங்ககிட்ட நாளைக்கு நீங்களே வந்து சொல்லிடுங்கம்மா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

சரி என்றுவிட்டேன். அதையும் யோசிக்காமல்தான்.