பனியனில் துரு

செவ்வாய்க்கிழமை, இரவு

பெரியப்பாவின் சோளக்காட்டில் துரு நோய் விழுந்திருக்கிறது. உள்ளே போய் வந்தால் துணியெல்லாம் செங்கல் நிறப் பொடி ஒட்டும். நாங்கள் இந்தப் போகம் எதுவும் விதைக்கவில்லை.

நேற்று இரவு அந்தக் காட்டின் தண்ணீர்க் குழாயை யாரோ வெட்டிவிட்டார்கள். இன்று சாயங்காலம் பெரியப்பா எங்கள் வாசலில் நின்று, “காட்டுக்குக் குறுக்கால வேலைக்கு நடக்கற அந்த ஒடிசாக்காரந்தான் அறுத்திருக்கான். காலைல ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போறேன்” என்றார்.

“போங்கண்ணா. நான் நேத்து கம்பெனில நைட் ஷிப்டுல இருந்தனுங்க, ஒண்ணும் தெரியலீங்க” என்றார் அப்பா.

நான் அப்போது துவைக்க உட்கார்ந்திருந்தேன். கையில் அப்பா நேற்றுப் போட்டிருந்த பனியன். தோள்பட்டையில் செங்கல் நிறப் பொடி. அப்பா வேலை செய்யும் பனியன் கம்பெனியில் ஒட்டிய பஞ்சு என்று நினைக்கவும் முடியவில்லை. அங்கே இந்த மாதம் முழுக்க வெள்ளைத் துணிதான் ஓடுகிறது.

பெரியப்பா போனதும் அப்பா என்னிடம் வந்தார். “என்ன கண்ணு பாத்துட்டே இருக்கற? சோப்புப் போட்டு நல்லாத் தேய்.” நான் துவைப்பதை அவர் இதுவரை கவனித்ததே இல்லை.

அந்த ஒடிசா அண்ணன்தான் என் சைக்கிளுக்குக் காற்றடித்துத் தருவார்.

நான் தேய்க்கவில்லை. பனியன் என் புத்தகப் பைக்குள் இருக்கிறது. வெளியே அப்பா டார்ச் அடித்து, கொடியில் காயும் துணிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கிறார்.